மடக்கு ஏணியின் ஆறாவது பூட்டு

எங்கள் தொழிலில் ஆளுக்கு முன்னால் ஏணி போகும். கொச்சி மட்டாஞ்சேரிச் சந்துகளில் எங்கள் சரக்கு ஆட்டோ திரும்புவதற்கு முன்பே அதன் கூரையில் கட்டிய ஏணியின் நுனி திரும்பிவிடும். நுனியில் ஒரு சிவப்புத் துணி கட்டியிருப்பேன். அதைப் பார்த்ததும் முக்குச் சாயாக்கடைக்காரர், "ஏணி வந்தாச்சு, பின்னாலயே புருஷனும் பெண்டாட்டியும் வருவாங்க, ரெண்டு சாயா போடு" என்பார். ஃபேன், ஏசி, இன்வெர்ட்டர், கேமரா, எதை மாட்டுவதானாலும் எதைக் கழற்றித் துடைப்பதானாலும் நாங்கள் இரண்டு பேர்தான். நான் மேலே, என் மனைவி கீழே.

தப்பான திருப்புளியை எடுத்துப் போனால் பக்கத்து வீட்டில் கேட்டு வாங்கிச் சமாளிக்கலாம். தப்பான ஏணியை எடுத்துப் போனால் தலையைச் சொறிந்துகொண்டு நிற்கத்தான் வேண்டும். ஆட்டோவின் கூரை இரண்டு ஏணிகளைத்தான் தாங்கும். எங்களிடம் இருப்பதோ மூன்று. ஒன்று நீட்டு ஏணி. சுவரில் சாய்த்து இழுத்தால் இரண்டு மாடி உயரம் போகும். இன்னொன்று கவட்டை ஏணி. சுவர் இல்லாத இடத்தில் கால் விரித்துத் தானே நிற்கும். மூன்றாவது மடக்கு ஏணி. நாலு துண்டு, நடுவில் கீல்கள். மடித்தால் பெட்டி மாதிரி ஒடுங்கும், விரித்தால் கேட்ட உருவத்துக்கு வளையும். தினமும் காலையில் மூன்றில் ஒன்று வீட்டில் தங்கியாக வேண்டும். எது தங்குவது என்று நான்தான் முடிவு செய்வேன். ஏறுகிறவன் நான்தானே என்று ஒரு நினைப்பு.

முனிசிபாலிட்டி வேலைக்கு வந்து இங்கேயே தங்கிவிட்ட தமிழ்க் குடும்பம் எங்களுடையது. பள்ளியில் நான் படித்தது மலையாளம். தமிழ் எழுத்தை நானாகத்தான் காலண்டர் தாளிலும் மளிகைப் பொட்டலத்திலும் கூட்டிக் கூட்டிப் படித்தேன். கஷ்டப்பட்டுக் கிடைத்த மொழி என்பதாலோ என்னவோ, யாராவது நறுக்கென்று ஒரு வார்த்தை சொன்னால் எனக்குக் காது நீண்டுவிடும். ஏசி வாரன்டி அட்டையின் பின்பக்கத்தில் குறித்து வைத்துக்கொள்வேன். அந்த அட்டைகளில் பாதிக்கு மேல் என் மனைவி சொன்னவை.

என்னோடு வேலை செய்தவர் ஆறு வருஷத்துக்கு முன்னால் கல்ஃபுக்குப் போய்விட்டார். வேறு ஆள் கிடைக்காமல் நான் ஒரு வாரம் வீட்டில் உட்கார்ந்திருந்தேன். "ஊரெல்லாம் ஆள் தேடுறீங்களே, இங்க நிக்கிறது எந்தா, தூணா?" என்று கேட்டுவிட்டு மறுநாள் காலையில் அவளே ஆட்டோவில் ஏறி உட்கார்ந்தாள். அன்றிலிருந்து ஏணியின் காலைப் பிடிப்பது அவள். அடிப்படியில் ஒரு காலை அழுத்தி வைத்து, இரண்டு கையாலும் பக்கச் சட்டத்தைப் பிடித்துக்கொண்டு, முகத்தை நிமிர்த்தாமல் நிற்பாள். நிமிர்ந்தால் கண்ணில் தூசி விழும். இறங்கி வந்ததும் ஒவ்வொரு தடவையும் ஒரே கேள்விதான்.

"மேல என்ன இருந்துச்சு?"

"தூசி. வேற என்ன இருக்கும்?" என்பேன்.

அது பொய். கொச்சங்காடியில் ஒரு பழைய கிடங்கின் வெளிச்சுவரில் கேமரா மாட்ட நீட்டு ஏணியில் முதல் தடவை உச்சிக்குப் போனபோது எனக்கு வந்த வேலையே மறந்துவிட்டது. ஓட்டுக் கூரைகள் ஒன்றன் மேல் ஒன்றாக இறங்கிப்போய்க் காயல் தண்ணீரில் முடிகின்றன. கீழே நாம் முட்டி மோதிக்கொள்ளும் சந்துகள் எல்லாம் மேலிருந்து பார்த்தால் ஒரு தையல் கோடு. ஒரு கூரையில் யாரோ சுக்கு உலர்த்தியிருந்தார்கள், அதன் நடுவில் ஒரு பூனை ராஜா மாதிரி படுத்திருந்தது. அங்கேயே இருந்துவிடலாம் போல இருந்தது. கீழே வந்து அதைச் சொல்ல எனக்கு வார்த்தை வரவில்லை. தூசி என்று சொல்லிப் பழகிவிட்டேன்.

அவளிடம் ஒரு கயிறு உண்டு. நைலான் கயிறு, அங்கங்கே முடிச்சு. ஒரு முடிச்சு எங்கள் ஆட்டோவின் அகலம். ஒன்று எங்கள் வீட்டுச் சந்து வளைகிற இடம். ஒன்று கவட்டை ஏணி கால் விரித்தால் பிடிக்கும் இடம். எந்த வீட்டுக்குப் போனாலும் நான் கூரையைப் பார்ப்பேன், அவள் குனிந்து கயிற்றைத் தரையில் போட்டுப் பார்ப்பாள். பையில் டேப் இருக்கும்போது இது எதற்கு என்று கேட்டதற்குச் சொன்னாள்: "டேப்பு எத்தனை அடின்னு சொல்லும். இது நுழையுமா நுழையாதான்னு சொல்லும்." அட்டையில் எழுதிக்கொண்டேன். எழுதிக்கொண்டேனே தவிர, கேட்டுக்கொள்ளவில்லை.

மடக்கு ஏணி வந்த கதை இது. எங்கள் ஊர் பிராட்வே கடைத்தெருவில் ஒரு கடைக்குப் போயிருந்தோம். பழைய கவட்டை ஏணியில் ஒரு படி கழன்றுவிட்டது, புதிதாக ஒன்று எடுக்க வேண்டும். நான் போனவுடனே கடையில் இருந்ததிலேயே உயரமான ஏணியில் ஏறி, உச்சிக்கு இரண்டு படி கீழே நின்று, கடையின் கூரையைத் தொட்டுப் பார்த்தேன். அவள் தரையில் குத்தவைத்து, ஒவ்வொரு ஏணியின் அடி ரப்பரையும் கட்டைவிரலால் அழுத்திப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

கடைக்காரர் சிரித்தார். "சேச்சி ஏணி வாங்க வந்ததா, ஆட்டுக்குட்டி வாங்க வந்ததா? காலப் பிடிச்சுப் பாக்கறீங்க?"

"ஆட்டுக்குட்டி விழுந்தா அதுக்கு மட்டும்தான் வலிக்கும் சேட்டா" என்றாள் இவள்.

கடைசியில் அவள் கை வைத்தது மூலையில் கிடந்த மடக்கு ஏணியில். கடைக்காரர் அதை விரித்துக் காட்டினார். நேராக நின்றது, கவட்டையாக நின்றது, பிறகு நடு இரண்டு துண்டும் படுத்து ஓரத்துத் துண்டுகள் காலாக மடங்கி, ஒரு மேசை மாதிரி, ஒரு குட்டிப் பாலம் மாதிரி நின்றது. மேலே போட இரண்டு தகடுகளும் உண்டு. மூன்று இடத்தில் மடிகிறது, ஓர் இடத்துக்கு இரண்டு கீல், ஆக ஆறு பூட்டு. ஒவ்வொரு பூட்டும் விழும்போது டக் டக்கென்று சத்தம்.

"ஆறு சத்தமும் கேட்டாத்தான் ஏறணும் கேட்டோ. அஞ்சு கேட்டா ஏறக்கூடாது" என்றார்.

"இது ஏணியா, சர்க்கஸ் சாமானா?" என்றேன் நான்.

"நீங்க ஏறுறதுக்கு வாங்குறீங்க. நான் நிக்கிறதுக்கு வாங்குறேன்" என்றாள் அவள்.

புதுக் கவட்டை ஏணி, மடக்கு ஏணி இரண்டையும் எடுத்துக்கொண்டு வந்தோம். வந்த பிறகு நான் ஒரு நாள்கூட மடக்கு ஏணியை ஆட்டோவில் ஏற்றவில்லை. எங்கள் வாசலில் அது பாலமாக விரிந்து நின்று துணி உலர்த்தியது. தகடு ஒன்று தண்ணீர் டிரம்முக்கு மூடி ஆயிற்று, இன்னொன்று காஸ் சிலிண்டருக்கு அடியில் போயிற்று. ஈரத்துணியும் உப்புக்காற்றும் ஒரு மழைக்காலம் முழுவதும் அதன் மேல் அடித்தன. அவள் அதற்காக என்னிடம் சண்டை போட்டதில்லை. துணி எடுக்கும்போது மட்டும் அதன் காலைத் தட்டி, "நீ இரு, உனக்கும் ஒரு நாள் விடியும்" என்று ஏணியிடம் சொல்வாள், எனக்குக் கேட்கிற மாதிரி.

அந்த நாள் போன சித்திரையில் வந்தது.

காலையில் ஒரு பெண் ஃபோன் செய்தாள். கொச்சங்காடியில் வீடு. எங்களைப் போலவே தலைமுறையாக இங்கே இருக்கிற தமிழ் முஸ்லிம் குடும்பம். "சேட்டா, உம்மா ரூம்ல ஃபேன் நின்னுபோச்சு. கூரை ரொம்ப உயரம். சேச்சியும் கூட வருவாங்கல்லே? சேச்சி கண்டிப்பா வரணும்" என்றாள். உயரம் என்ற சொல்லைத்தான் நான் பிடித்துக்கொண்டேன். சேச்சி வரணும் என்று ஏன் அத்தனை அழுத்திச் சொன்னாள் என்று கேட்கத் தோன்றவில்லை. நீட்டு ஏணியையும் கவட்டை ஏணியையும் கட்டினேன்.

கயிற்றை இழுத்து முடிச்சுப் போடும்போது என் மனைவி கேட்டாள். "கட்டில் எங்க கிடக்குன்னு கேட்டீங்களா?"

"கட்டில் எங்க கிடந்தா நமக்கு என்ன? ஃபேன் மேலதானே கிடக்கு."

 அவள் துணி காய்கிற ஏணியை ஒரு தடவை பார்த்துவிட்டு ஏறி உட்கார்ந்தாள்.

கீழே மிளகுக் கிடங்கு, மேலே வீடு. செங்குத்தான மரப்படி. கவட்டை ஏணியைத் தூக்கிக்கொண்டு மேலே போனோம். கூடத்துக் கதவைத் திறந்த அந்தப் பெண் எங்களை உட்காரச் சொல்லி, தண்ணீர் கொடுத்து, பிறகுதான் விஷயத்தைச் சொன்னாள். அவளுடைய அத்தா இறந்து மூன்று மாதம் ஆகிறது. உம்மா இத்தா இருக்கிறார். கணவர் இறந்தபின் நாலு மாதமும் பத்து நாளும் வீட்டோடு இருந்து, அந்நிய ஆண்கள் முகத்தில் முழிக்காமல் இருக்கும் காலம் அது. இதற்கிடையில் இந்தப் படியில் சறுக்கி உம்மாவுக்குத் தொடை எலும்பு முறிந்துவிட்டது. கம்பி வைத்து, அசையக் கூடாது என்று படுக்க வைத்திருக்கிறார்கள். ஃபேன் நின்று மூன்று நாள்.

"ஸ்டாண்ட் ஃபேன் வச்சோம். காத்து ஒரே பக்கமா அடிச்சுக் கழுத்துப் பிடிச்சுக்கிச்சு, எடுத்துருங்கடின்னுட்டாங்க. நானும் தங்கச்சியும் மாறி மாறி விசிறிக்கிட்டு இருக்கோம். நேத்து ராத்திரி முதுகெல்லாம் கொப்புளம். பள்ளிவாசல் உஸ்தாத்கிட்ட கேட்டோம். அவசியத்துக்கு ஆள் வரலாம், நல்லாப் போத்திக்கிட்டு இருந்தாக் குற்றமில்லைன்னார். உம்மா கேக்கணுமே!"

மூடியிருந்த அறைக்கதவுக்குப் பின்னாலிருந்து ஒரு குரல் வந்தது. களைத்த குரல், ஆனால் கோணல் இல்லாத குரல். "உஸ்தாத் சொன்னது சரிதான். அது அவர் எனக்குத் தர்ற சலுகை. நான் உங்க அத்தாவுக்குத் தர்றது வேற. இவ்வளவு நாள் இருந்தாச்சு, மிச்சத்தையும் இருந்துட்டுப் போறேன். அந்தப் பிள்ளையை உள்ள வரச் சொல்லு. ஆம்பள வெளியில இருக்கட்டும்."

நான் எத்தனையோ வீட்டில் எத்தனையோ பிடிவாதம் பார்த்திருக்கிறேன். இது பிடிவாதம் மாதிரி இல்லை. வெயிலில் ஒருவர் நோன்பு பிடித்திருப்பதைப் பக்கத்தில் நின்று பார்ப்பது போல இருந்தது. 

"நான் போறேன்" என்றாள் என் மனைவி.

"போய்?"

"போய் என்ன, ஏறித்தான்."

ஆறு வருஷமாக ஏணியின் காலைப் பிடித்தவள். மூன்றாவது படிக்கு மேல் அவள் கால் வைத்து நான் பார்த்ததில்லை. நான் ஏதோ சொல்ல வாயெடுப்பதற்குள் அவள் இடுப்பிலிருந்து கயிற்றை உருவிக்கொண்டு உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். இரண்டு நிமிஷத்தில் வெளியே வந்தாள். கயிற்றின் ஒரு முடிச்சில் கட்டைவிரல் இருந்தது. அதற்குள் அந்த உம்மா அவளுக்கு லாத்தா, அதாவது அக்கா, ஆகிவிட்டிருந்தார்.

"பழைய காலத்துக் கட்டில். நாலு ஆள் சேர்ந்தாத்தான் நகரும். நாலும் பொம்பளையா வேணும், லாத்தா காலும் அசையக் கூடாது. ஃபேன் கட்டிலுக்கு நேர் மேல, நீளக் கம்பியில தாழத் தொங்குது. உங்க ஏணி கால் விரிச்சா ஒரு முழம் குறையுது." கயிற்றைச் சுருட்டினாள். "நீட்டு ஏணிக்குச் சுவர் வேணும். ஃபேன் நடுவுல கிடக்கு."

நான் உயரத்தை மட்டும் கட்டிக்கொண்டு வந்திருந்தேன். ஏணியின் கீழே ஒரு மனுஷி படுத்திருப்பாள் என்பது என் கணக்கில் இல்லை. அவள் காலையில் கேட்ட கேள்வியைத் திரும்பச் சொல்லிக் காட்டியிருந்தால்கூட எனக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும். அவள் சொல்லவில்லை. "எந்தா இப்படி முழிக்கிறீங்க? துணியெல்லாம் எடுத்துக் கொடியில போட்டுட்டு, ஏணியக் கொண்டு வாங்க. தகடு ரெண்டும் மறந்துராதீங்க" என்றாள்.

வீட்டுக்கு ஓடினேன். துணியை அள்ளினேன், டிரம்மின் மூடியை எடுத்தேன், சிலிண்டரைச் சாய்த்து அடித் தகட்டை உருவினேன். திரும்பி வரும்போது கிடங்கு வாசலில் ஒரு லாரி சந்தை அடைத்துக்கொண்டு சுக்கு மூட்டை இறக்கிக்கொண்டிருந்தது. ஆட்டோவை விட்டுவிட்டு ஏணியைத் தோளில் வைத்துக்கொண்டு நடந்தேன். மடித்த ஏணி சின்னதாகத்தான் தெரியும், கனம் தூக்கினால்தான் தெரியும். என் நடையைப் பார்த்து மூட்டை சுமக்கிற ஒரு சேட்டன், "எடோ, நீ ஏணியைக் கொண்டு போறியா, ஏணி உன்னைக் கொண்டு போகுதா?" என்று கேட்டார். கேட்டுவிட்டுத் தானே வந்து அதைத் தோளிலிருந்து எடுத்து, நிமிர்த்தி, மார்போடு அணைத்து, லாரிக்கும் சுவருக்கும் இடையில் இருந்த ஒரு சாண் இடைவெளியில் பக்கவாட்டில் நகர்ந்து அந்தப் பக்கம் கொண்டு வைத்தார். "தோள் சண்டைக்காரன், நெஞ்சு சமாதானக்காரன்" என்றார். அட்டை எடுக்க நேரமில்லை. மனத்தில் போட்டுக்கொண்டேன்.

ஏணி உள்ளே போயிற்று. கதவு சாத்தப்பட்டது. வெளியே எனக்கு ஒரே ஒரு வேலை இருந்தது. மெயின் சுவிட்ச் கூடத்துச் சுவரில், அந்த அறைக்கதவை ஒட்டி இருந்தது. அதை இறக்கிவிட்டு, வேறு யாரும் தொடாதபடி அதன் மேல் கையை வைத்துக்கொண்டு நின்றேன். இறக்குவதற்கு முன்னால் ஒரு தடவை ஃபேனைப் போட்டுப் பார்க்கச் சொல்லி, கதவில் காதை வைத்துக் கேட்டிருந்தேன். உம்மென்று முனகல், சுற்றவில்லை. கண்டென்சர் போயிருக்கிறது. சின்ன வேலை. ஆறு வருஷமாக எனக்குக் கண்டென்சரைக் கீழிருந்து எடுத்துக் கொடுப்பவள் அவள்தான். எந்தக் கம்பி எங்கே என்று அவளுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

ஆனால் ஏணியின் காலைப் பிடிக்க அங்கே நான் இல்லை.

உள்ளே ஏணி விரிகிற சத்தம். டக். டக். இரண்டு கீல்கள். நான் விரலை மடக்கினேன். மறுபடி டக், டக். நாலு. பிறகு ஒரு டக். ஐந்து.

ஆறாவதைக் காணோம்.

இரும்பு உரசுகிற சத்தம், யாரோ மூச்சுப் பிடித்து அழுத்துகிற சத்தம், பிறகு ஒன்றும் இல்லை.  ஒரு மழைக்காலம் முழுவதும் ஈரத்துணி சொட்டியது எந்தக் கீலின் மேல் என்று எனக்குத் தெரியும். என் சட்டைகள்தான் அந்த ஓரத்தில் காயும்.

"ஏறாதே!" என்று கத்தினேன்.

"ஏறலை, கத்தாதீங்க. லாத்தா பயப்படுறாங்க." பிறகு உள்ளே யாரிடமோ: "மோளே, வீட்டுல தேங்காயெண்ணெய் இருக்கா?"

இளையவள் கதவைக் கொஞ்சமாகத் திறந்துகொண்டு சமையலறைக்கு ஓடி, குப்பியோடு திரும்பினாள். பிறகு நீண்ட நேரம். எண்ணெய் இறங்கக் காத்திருந்தார்கள் போலிருக்கிறது. அந்த நேரத்தில் அந்த உம்மாவின் குரல் கேட்டது. "அவசரம் இல்ல பிள்ளை. மூணு நாள் பொறுத்தேன், மூணு நிமிஷமா பொறுக்க மாட்டேன்?"

"நீங்க பொறுப்பீங்க லாத்தா. வெளிய ஒரு ஆளு சுவிட்ச் மேல சாய்ஞ்சுக்கிட்டு நிக்கிறார், அவர் பொறுக்கணுமே" என்றாள் இவள். உள்ளே பெண்கள் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பில்தான் எனக்கு மூச்சு வந்தது.

டக்.

என் வாழ்க்கையில் எத்தனையோ சத்தம் கேட்டிருக்கிறேன். அந்த ஆறாவது டக்கைப் போல ஒன்றைக் கேட்டதில்லை.

"மூத்தவ இந்தக் காலைப் பிடி, இளையவ அந்தக் காலைப் பிடி. அடிப்படியில பாதத்தை வச்சு அழுத்து. மேல பாக்கக் கூடாது, தூசி விழும்." ஆறு வருஷம் நின்ற இடத்தை அவள் இரண்டு பேருக்குப் பங்கு பிரித்துக் கொடுப்பது எனக்குக் கேட்டது. "திருப்புளியக் கயித்துல கட்டி இடுப்புல முடிஞ்சிருக்கேன் லாத்தா, கை தவறினாலும் உங்க மேல விழாது. இந்த மெத்தையையும் தகட்டுக்கு அடியில கட்டிட்டேன்."

பிறகு அவள் ஏறினாள். கதவின் இந்தப் பக்கம் நின்று நான் அதைக் கேட்டேன். ஒரு படி. நின்றாள். இரண்டாவது. வளையல் சட்டத்தில் மோதுகிறது. மூன்றாவது. அதுவரைக்கும் அவள் கால் அறியும். நாலாவது படியில் வெகுநேரம் சத்தமே இல்லை. நான் மேலே நிற்கும்போது, கீழே முகத்தை நிமிர்த்தாமல் நிற்கிற இவளுக்கு என்னைப் பற்றித் தெரிந்ததெல்லாம் இவ்வளவுதான்: சட்டத்தின் அதிர்வும் மூச்சும். ஆறு வருஷமும் இவள் இப்படித்தான் நின்றாளா? கண்ணால் பார்க்காமல், கையாலேயே ஒரு ஆளைக் காவல் காத்துக்கொண்டு? எனக்குக் கண்ணைக் கரித்தது. சுவிட்சிலிருந்து கையை எடுக்க முடியாததால் அப்படியே விட்டுவிட்டேன்.

தகடு ஒரு முறை அதிர்ந்து நின்றது. அவள் மேலே போய்விட்டாள்.

"மெயின் இறக்கியிருக்கா?"

"இறக்கியிருக்கு. கை அது மேலதான் இருக்கு."

"எடுத்துராதீங்க."

ஃபேனின் கிண்ணத்தை இறக்குகிற சத்தம், திருப்புளி சுற்றுகிற சத்தம். பழைய கண்டென்சரைக் கீழே கொடுத்து, புதியதை வாங்கினாள். முடுக்கினாள். நான் மேலே நின்று செய்கிற அதே வரிசை. நான் முடித்ததும் கிண்ணத்தை இரண்டு தட்டு தட்டுவேன், எனக்கே தெரியாத ஒரு பழக்கம். அவளும் இரண்டு தட்டுத் தட்டினாள். சிரிப்பு வந்துவிட்டது.

"முடிஞ்சது. இறங்குறேன்."

அப்போது அந்த உம்மா, "பிள்ளை, கொஞ்சம் இரு" என்றார். "அங்க மேல ஒரு காத்து ஜன்னல் இருக்கு பாரு. உன் கண்ணுக்கு எட்டுதா?"

"எட்டுது லாத்தா."

"ஆஸ்பத்திரிக்குப் போய் வந்ததத் தவிர மூணு மாசமா நான் வெளியப் பாக்கலை. எந்தா தெரியுது, சொல்லேன்."

நான் கதவில் சாய்ந்தேன். என் மனைவி பேச ஆரம்பித்தாள். கூரை தெரியுது, கூரைக்குப் பின்னால கூரை, கடைசியில காயல் என்றாள். காயல் இன்னைக்குத் தகரம் மாதிரி மின்னுது, கண் கூசுது. ஒரு மோட்டார் போட்டு வருது, அதுக்குப் பின்னால தண்ணி ரெண்டாக் கிழிஞ்சு மறுபடி ஒட்டுது. எதிர்க் கூரையில ரெண்டு ஓடு புதுசு, சிவப்பா, மத்ததெல்லாம் கறுப்பு. ஒரு பொம்பள மாடியில பாய உதறுறா. உதறுன தூசி வெயில்ல தங்கம் மாதிரி நிக்குது, விழவே மாட்டேங்குது.  ஏணியைப் பிடித்திருந்த பெண்களும் மூச்சைப் பிடித்துக் கேட்டிருப்பார்கள். நான் இத்தனை வருஷம் மேலே பார்த்து, கீழே கொண்டு வர முடியாமல் விட்டதெல்லாம் அவள் வாயிலிருந்து ஒவ்வொன்றாக இறங்கி வந்தது.

"பள்ளிவாசல் தெரியுதா?" என்றார் அந்த உம்மா. குரல் இறங்கிவிட்டது. அவருடைய கணவரை அடக்கியிருப்பது அங்கேதான் என்று மூத்த மகள் முதலிலேயே சொல்லியிருந்தாள்.

"தெரியுது லாத்தா. மினாரா தெரியுது. பக்கத்துல ஒரு பெரிய மரம் தெரியுது. இலை நெறையத் தளிர் விட்டிருக்கு."

"அதுக்குக் கீழ?"

 என் மனைவி பொய் சொல்வாளோ என்று நினைத்தேன். நானாக இருந்தால் சொல்லியிருப்பேன்.

"கீழ தெரியல லாத்தா. சுவர் மறைக்குது. மரம் வரைக்கும்தான் தெரியுது."

அந்த உம்மா சொன்னார். "மரம் வரைக்கும் போதும். நிழல் இருக்கில்ல, போதும். இறங்கு பிள்ளை, பாத்து இறங்கு."

அவள் இறங்கி, ஏணியை நகர்த்தி, மடித்த பிறகு எனக்குக் குரல் கொடுத்தாள். மெயினை ஏற்றினேன். ஃபேன் ஒரு முறை தயங்கி, பிறகு ஓட ஆரம்பித்தது. கதவுக்கு அடியிலிருந்த இடைவெளி வழியாக என் பாதத்தில் காற்று வந்து பட்டது.  "அல்ஹம்துலில்லாஹ்" என்று உள்ளே ஒரு குரல், பெருமூச்சோடு.

என் மனைவி வெளியே வந்தாள். மூக்கு நுனியில் ஃபேன் தூசி. மூத்த மகள் கொடுத்த சாயாவை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு குடித்தாள். படி இறங்கும்போது ஏணியின் முன்பக்கத்தை அவள் எடுத்துக்கொண்டாள், பின்பக்கத்தை நான். ஒரு வார்த்தையும் விடாமல் எல்லாவற்றையும் நான் கதவுக்கு வெளியிலிருந்து கேட்டாகிவிட்டது. ஆனாலும் எனக்குக் கேட்க வேண்டும் போல இருந்தது.

"மேல என்ன இருந்துச்சு?"

அவள் திரும்பிப் பார்க்காமல், "தூசி. வேற என்ன இருக்கும்?" என்றாள்.

கிடங்கு வாசலில் அந்தச் சுமட்டுச் சேட்டன் இன்னும் இருந்தார். ஏணி இரண்டு தோள்களில் போவதைப் பார்த்து, "ஆ, இப்பத்தான் ஏணி ஒழுங்கா நடக்குது" என்றார்.

மறுநாள் காலையில் ஒரு ஃபோன் வந்தது. ஃபோர்ட் கொச்சியில் ஒரு வீடு, ஏசி தண்ணீர் சொட்டுகிறது. எத்தனை அடி உயரம் என்று கேட்க வாயைத் திறந்தவன், "அதுக்குக் கீழ என்ன கிடக்கு?" என்று கேட்டேன். அந்தப் பக்கத்தில் பேசியவருக்கு ஒன்றும் புரியவில்லை. இரண்டு தடவை விளக்கிச் சொன்ன பிறகு, தையல் மெஷின் என்றார். என் மனைவி ஏற்கெனவே கயிற்றைக் கையில் எடுத்துவிட்டாள். மடக்கு ஏணியின் ஆறு கீலுக்கும் எண்ணெய் விட்டு, ஆறு சத்தத்தையும் எண்ணிப் பார்த்து, ஆட்டோவின் மேல் கட்டினோம். கவட்டை ஏணியும் போயிற்று.

நீட்டு ஏணி அன்றைக்கு வாசலில் தங்கியது. அதில் என் சட்டைகள் காய்ந்தன.